காடி (கார்) விலையை உரித்துப் பார்ப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டோ, பீடோரோ, பாகாவோ, எந்தத் தோட்டப் பட்டணத்துக் காடிக் கடைக்குள் நுழைந்தாலும் சேல்ஸ்மேன் முதலில் கேட்பது, “மாசம் எவ்வளவு கட்டுவீங்க அண்ணே?” என்பதுதான். வாய் தவறி “அறுநூறு” என்று சொல்லிவிட்டால் பேரம் அத்தோடு முடிந்தது. அறுநூறுக்குள் எந்தக் காடியையும் அடக்கிக் காட்டுவார், ஆண்டுகளை மட்டும் ஒன்பதாக நீட்டிவிடுவார். அதனால் மாதத் தவணையைப் பற்றிக் கடைசியில்தான் பேச வேண்டும். முதலில் பேச வேண்டியது விலை. அது ஒரே தொகை அல்ல, வெங்காயம் போல அடுக்கடுக்காக இருப்பது. எந்த அடுக்கு அசையும், எது அசையாது என்று தெரிந்தால்தான் பேரம் பேச முடியும்.

புதுக் காடி: அசையாத அடுக்குகள்

மலேசியாவில் புதுக் காடி விலையில் பெரும் பங்கு வரி. வெளிநாட்டிலிருந்து முழுதாக வரும் வண்டிக்கு இறக்குமதி வரி 30 சதவீதம் வரை உண்டு. ஆசியான் நாடுகளில் தயாராகி, விதிகளுக்கு உட்பட்டு வந்தால் அது இல்லை. அதன் மேல் கலால் வரி. எஞ்சின் அளவையும் வண்டியின் வகையையும் பொறுத்து 60 முதல் 105 சதவீதம் வரை போகும். இங்கேயே பொருத்தினாலும் கலால் வரி உண்டு. உள்ளூர்ப் பாகங்கள் கூடக் கூட அதில் சலுகை கிடைக்கும். உள்ளூர்க் கம்பெனிகளான பெரோடுவாவும் புரோட்டானும் மலிவாக இருப்பதற்கு இந்தச் சலுகை ஒரு முக்கியக் காரணம். எல்லாவற்றுக்கும் மேல் 10 சதவீத விற்பனை வரி.

வரிக்கு மேல் வரி என்பதைக் கவனியுங்கள். கணக்குக்காக, 20,000 வெள்ளி (ரிங்கிட்) மதிப்புள்ள வண்டிக்கு 75 சதவீதக் கலால் வரி என்றால் 15,000. இப்போது தொகை 35,000. விற்பனை வரி 20,000 மீது அல்ல, இந்த 35,000 மீது விழும்: 3,500. ஆக 38,500. சலுகை எதுவும் இல்லாத கணக்கு இது. கம்பெனி லாபமும் கடைக்காரர் கமிஷனும் இதற்குப் பிறகுதான்.

நாணய மாற்றும் இதில் கலந்திருக்கிறது. கியர் பெட்டி, மின்னணுப் பாகங்கள் பலவும் யென்னிலோ டாலரிலோ வாங்கப்படுகின்றன. வெள்ளி சரிந்தால் விலை மறுநாளே ஏறாது. கம்பெனிகள் பெரும்பாலும் அடுத்த புது வடிவம் வரும்வரை காத்திருந்து, விளக்கை மாற்றி, திரையைப் பெரிதாக்கி, அத்தோடு விலையையும் ஏற்றும்.

விளம்பரத்தில் வரும் ‘ஆன் தி ரோட்’ விலையில் பதிவுக் கட்டணம், ரோட்டேக்ஸ், நம்பர் பிளேட் எல்லாம் இருக்கும். சிறிய எழுத்தில் “இன்சூரன்ஸ் தவிர” என்றும் இருக்கும். ரோட்டேக்ஸ் சின்னத் தொகைதான்: தீபகற்பத்தில் சலூன் வண்டிக்கு 1,000 சிசி வரை 20 வெள்ளி, 1,401 முதல் 1,600 வரை 90 வெள்ளி. 1,600-ஐத் தாண்டினால்தான் வலிக்கும். 1,998 சிசிக்கு 379 வெள்ளி, 2,362 சிசிக்கு 742. பழைய 2.4 லிட்டர் ஜப்பான் சலூன்கள் பார்க்கப் பளபளவென்று, விலையும் மலிவாகக் கிடப்பது இதனால்தான். வாங்குகிறவர் ஆண்டுதோறும் வரும் செலவை நினைத்துப் பின்வாங்குகிறார், விலை தானாக இறங்குகிறது.

புதுக் காடி: அசையும் அடுக்குகள்

கடைக்காரர் கையில் உள்ளவை நான்குதான்: கமிஷனிலிருந்து விட்டுத் தரும் ரொக்கத் தள்ளுபடி, இன்சூரன்ஸ், இலவசப் பொருள்கள், உங்கள் பழைய காடிக்குத் தரும் ட்ரேட்-இன் விலை.

இலவசம் என்று சொல்லித் தரும் டிண்டட் (கண்ணாடியில் ஒட்டும் கருந்தாள்), கோட்டிங், மேட், கேமரா ஆகியவற்றைப் பணமாக மாற்றிக் கேளுங்கள். “இதெல்லாம் வேண்டாம், அதற்கு எவ்வளவு குறைப்பீர்கள்?” என்ற கேள்விக்கு வரும் பதில்தான் அந்தப் பொருள்களின் உண்மையான விலை.

ட்ரேட்-இன் கேட்பவர் இரண்டு பைகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். புதுக் காடியில் 3,000 தள்ளுபடி தந்து, பழைய காடியின் விலையில் 4,000 குறைத்தால் நீங்கள் 1,000 கொடுத்திருக்கிறீர்கள், வாங்கவில்லை. முதலில் ட்ரேட்-இன் பற்றி வாயே திறக்காமல் புதுக் காடியின் இறுதித் தொகையை எழுத்தில் வாங்குங்கள். பிறகு பழைய காடியைப் பற்றிப் பேசுங்கள்.

இன்சூரன்ஸில் என்சிடி (க்ளெய்ம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுடையது, காடியுடையது அல்ல. க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு 25, 30, 38.33, 45, 55 சதவீதம் என்று ஏறும். பழைய காடியை விற்கும்போது அதிலிருந்து எடுத்துப் புதியதில் போடச் சொல்லுங்கள். 55 சதவீதம் சேர்த்து வைத்தவர் சொல்ல மறந்தால் பிரீமியத்தில் பாதிக்கு மேல் வீணாகப் போகும்.

காலமும் ஓர் அடுக்கு. நவம்பர், டிசம்பரில் கடையில் அந்த ஆண்டுத் தயாரிப்பு மிஞ்சி நிற்கும். ஜனவரியில் அதே வண்டி ‘போன வருஷத்து ஸ்டாக்’ ஆகிவிடும், அதனால் தள்ளிவிடப் பார்ப்பார்கள். இதில் லாபம் உண்டா என்பது எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாலு ஆண்டில் விற்பவருக்கு அந்தத் தள்ளுபடியின் பெரும்பகுதி விற்கும்போது போய்விடும், ஏனென்றால் வாங்குகிறவர் தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பார். பத்து ஆண்டு ஓட்டுபவருக்கு அது கிட்டத்தட்ட முழு லாபம். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு அவசரமாகப் போய் நிற்பவருக்குத் தள்ளுபடி குறைவு. அவர் எப்படியும் வாங்குவார் என்று சேல்ஸ்மேனுக்குத் தெரியும்.

கடன் விலையை எப்படி மறைக்கிறது

வாடகைக் கொள்முதல் சட்டம், 1967இன்படி ரொக்க விலையில் குறைந்தது 10 சதவீதம் முன்பணம் கட்ட வேண்டும். “டவுன்பேமெண்ட் இல்லை, கையெழுத்து மட்டும்” என்று எங்காவது எழுதியிருந்தால், பெரும்பாலும் இன்வாய்ஸில் விலையை ஏற்றி எழுதி, அந்த ஏற்றத்தை முன்பணமாகக் காட்டுகிறார்கள் என்று பொருள். அந்தப் பத்து சதவீதத்துக்கும் ஒன்பது ஆண்டு வட்டி கட்டப்போவது நீங்கள்.

காடிக் கடனில் நெடுங்காலம் இருந்துவந்த நிலையான வட்டிக் கணக்கு (கடன் குறைந்தாலும் முழுத் தொகைக்கே வட்டி) இப்படி: 50,000 வெள்ளி கடன், ஆண்டுக்கு 3 சதவீதம், 9 ஆண்டு. வட்டி 50,000 × 0.03 × 9 = 13,500. மொத்தம் 63,500, மாதம் ஏறக்குறைய 588. கடன் குறையக் குறைய வட்டியும் குறைவது போன்ற கணக்கில் பார்த்தால் இந்த 3 சதவீதம் உண்மையில் 5.5 சதவீதத்துக்குச் சமம். வீட்டுக் கடன் வட்டியோடு ஒப்பிட்டு “காடிக் கடன் மலிவு” என்று நினைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

மூன்று ஆண்டு கழித்து விற்க நேர்ந்தால்? 36 தவணையில் 21,000-க்கு மேல் கட்டியிருப்பீர்கள். வட்டியை முன்னாலேயே எடுத்துக்கொள்ளும் பழைய 78 விதிப்படி பேங்குக்கு இன்னும் சுமார் 36,300 கட்ட வேண்டும். அசலில் கழிந்தது 13,700 மட்டும். அதே காலத்தில் காடியின் விலை அதைவிட வேகமாக இறங்கியிருந்தால், விற்ற பணம் கடனை அடைக்கப் போதாது. கையெழுத்துப் போடும்முன் ஒப்பந்தத்தில் எந்தக் கணக்குமுறை என்று பேங்கில் கேட்டு, மூன்றாம், ஐந்தாம் ஆண்டு முடிவில் அடைக்க வேண்டிய தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டில் அடைக்க முடியாத காடி உங்கள் சம்பளத்துக்குப் பெரிய காடி.

பழைய காடி: கூரை புதுக் காடியின் விலை

செகண்ட் ஹேண்ட் விலை தனியாக மிதப்பதல்ல. அதன் கூரை புதுக் காடியின் விலை. கூரை இறங்கினால் கீழே உள்ளவை எல்லாம் இறங்கும். 2018 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஜிஎஸ்டி பூஜ்யமாகி, விற்பனை வரி இன்னும் வராத மூன்று மாதம் புதுக் காடி மலிந்தது. ஓர் ஆண்டு ஓடிய காடியை வைத்திருந்த வியாபாரிகள் அன்று கையைப் பிசைந்தார்கள். 2020 ஜூன் 15 முதல் 2022 ஜூன் 30 வரை உள்ளூரில் பொருத்திய வண்டிகளுக்கு விற்பனை வரி முழுதாகவும், இறக்குமதி வண்டிகளுக்குப் பாதியும் தள்ளுபடி. ஆனால் அந்தக் காலத்தில் சிப் தட்டுப்பாடும் சேர்ந்து, புது வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. காத்திருக்க முடியாதவர்கள் பழைய காடிக்குப் புதுக் காடிக்குக் கிட்டத்தட்டச் சமமான விலை கொடுத்தார்கள். வரி கூரையை இறக்கியது, தட்டுப்பாடு தரையை உயர்த்தியது.

எரிபொருளும் அப்படியே. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறியதும், செம்பனைத் தோட்டங்களில் ஓடும் பிக்-அப் வண்டிகளை வாங்குகிறவர்கள் மாத எண்ணெய்ச் செலவை முதலில் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

ஒரே மாடலுக்குள்ளும் ஒரு கோடு ஓடும், அதற்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. புரோட்டான் சாகாவில் அந்தக் கோடு 2019 ஆகஸ்ட். அதற்கு முன் சிவிடி (படிகள் இல்லாத ஆட்டோ) கியர், அதற்குப் பின் ஹூண்டாய் நாலு கியர் ஆட்டோ. சிவிடி என்றாலே “கியர் பாக்ஸ் போயிடும்” என்ற பயம் சந்தையில் ஊறிப்போயிருப்பதால் முந்தையது மலிவு. அது நன்றாகப் பராமரிக்கப்பட்டதா என்பது வேறு விஷயம், விலை பயத்துக்குத்தான் கட்டுப்படும். பெரோடுவா மைவியில் கோடு 2017 நவம்பர், புது உருவம் வந்த மாதம். பெரோடுவா பெசாவில் 2020 ஜனவரி. கோட்டுக்குச் சற்று முன்பு தயாரான நல்ல வண்டிதான் கணக்குத் தெரிந்தவர் வாங்குவது.

இன்னொரு கோடு பேங்க் போடுவது. காடியின் வயதையும் கடன் ஆண்டுகளையும் கூட்டிப் பார்த்து ஒரு எல்லைக்கு மேல் கடன் தரமாட்டார்கள். அந்த எல்லையைத் தாண்டிய காடியை ரொக்கம் உள்ளவர் மட்டுமே வாங்க முடியும். வாங்குகிறவர் கூட்டம் சுருங்குவதால் விலை படியில் விழுவது போல விழும். கையில் ரொக்கம் இருந்தால் அந்தப் படிக்குக் கீழேதான் தேட வேண்டும்.

சந்தை விலையைக் கண்டுபிடிப்பது

முடா, கார்லிஸ்ட் போன்ற தளங்களில் ஒரே மாடல், ஒரே ரகம், ஒரே கியர், ஒரே ஆண்டு என்று பத்துப் பன்னிரண்டு விளம்பரங்களை எடுங்கள். மிக மலிவான இரண்டையும் மிக விலையான இரண்டையும் தள்ளுங்கள். மிச்சத்தின் சராசரி கேட்கும் விலை, விற்கும் விலை அல்ல. மூன்று வாரம் கழித்து அதே பட்டியலைத் திரும்பப் பாருங்கள். காணாமல் போனவை விற்கும் விலையில் இருந்தவை, இன்னும் தொங்குபவை கூடுதலாகக் கேட்டவை.

இரண்டாவது அளவுகோல் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பிளேட் நம்பரைக் கொடுத்தால் கம்பெனிகள் பயன்படுத்தும் சந்தை மதிப்பைப் பார்த்துச் சொல்வார். மூன்றாவது, ஈப்போ போன்ற பெரிய ஊரில் இரண்டு கடைகளில் “இதை எடுத்துக்கொள்வீர்களா?” என்று கேட்பது. அவர்கள் சொல்வது தரை.

கடைக்காரர் அந்தத் தரையை எப்படிப் போடுகிறார்? பின்னாலிருந்து. கணக்குக்காக, 28,000-க்கு விற்கலாம் என்று நினைக்கிறார். டயர், பெயின்ட், பாலிஷ் 1,500. சோதனை, பெயர் மாற்றம், விளம்பரம், சேல்ஸ்மேன் கமிஷன் 1,000. வாரண்டிக்கும், விற்காமல் நிற்கும் நாள்களுக்கும் 1,000. லாபம் 2,000. ஆக உங்களிடம் 22,500 என்று ஆரம்பிப்பார். தெரிந்தவருக்கு நேரடியாக விற்றால் 25,000, 26,000 இருவருக்கும் நியாயம். நடுவில் உள்ள அந்த 5,500-ஐத்தான் இரண்டு பேரும் பங்கிடுகிறீர்கள்.

தோட்டத்தில் ஓடிய காடிக்குக் கழிவு

பட்டணத்துக் காடிக்கும் தோட்டத்துக் காடிக்கும் மீட்டர் ஒன்றாக இருந்தாலும் தேய்மானம் ஒன்றல்ல. செம்மண் ரோட்டில் ஓடிய 60,000 கிலோமீட்டர் கீழே தெரியும். காடியைத் தூக்கிப் பார்க்க ஒரு ஃபோர்மேனை (மெக்கானிக்கை) அழைத்துப் போங்கள், அவருக்குக் கொடுக்கும் கூலி பேரத்தில் திரும்பி வந்துவிடும்.

அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு, லோவர் ஆர்ம் புஷ் வெடிப்பு, டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் கிழிசல், எஞ்சின் மவுண்டிங் தளர்வு: நான்கும் மேடு பள்ள ரோட்டின் கையெழுத்து. பிறகு பூட் (பின்பக்க டிக்கி). உர மூட்டை ஏற்றிய காடியில் தரை விரிப்பைத் தூக்கினால் தெரியும். பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு, ஈரம் பட்டால் இரும்பைத் தின்னும். ஸ்பேர் டயர் குழியிலும் பூட் ஓரத்திலும் தடித்த துரு இருந்தால் அதை வெறும் பெயின்டால் தீர்க்க முடியாது. வெட்டி ஒட்ட வேண்டிவரும், அந்த வண்டியை விட்டுவிடலாம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு உள்பக்கம் செம்மண் படிந்திருக்கிறதா பாருங்கள். படிந்திருந்தால் எஞ்சின் மண்ணைக் குடித்திருக்கிறது.

வெள்ளத்தில் நின்ற காடியை வாசனை காட்டிக் கொடுக்கும் என்பார்கள். இன்று அதையும் கழுவி எடுத்துவிடுகிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், சுருள் உள்ளே சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத் திருகுகள், ஃபியூஸ் பெட்டியின் அடிப்பகுதி, டாஷ்போர்டுக்குக் கீழே ஒயர் முனைகள் மூன்றையும் பாருங்கள்.

மோதல்? பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளின் பெயின்ட் ஸ்பேனர் பட்டு உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பம்பர் உரசலுக்கு அப்படிச் செய்திருந்தால் பெரிதில்லை. ரேடியேட்டர் தாங்கியும் சேஸிஸ் தண்டும் நேராக இல்லை என்றால் விலை பேசவே வேண்டாம்.

மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள், இல்லையென்றால் உரிமையாளரை விட்டு சர்வீஸ் சென்டரில் பழைய பதிவைக் கேட்கச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டு 23ஆம் வாரம். மீட்டர் 30,000 காட்டும் ஐந்து ஆண்டுக் காடியில் இரண்டாம் செட் டயர் ஏன் என்று கேட்கலாம்.

கண்ட குறை ஒவ்வொன்றுக்கும் ஃபோர்மேனிடம் தொகை கேட்டுத் தாளில் எழுதுங்கள். சின்னக் காடிக்கு 14 அங்குல டயர் ஒன்று ஏறக்குறைய 150 முதல் 200 வெள்ளி, நாலு என்றால் 600 முதல் 800. “கொஞ்சம் குறைங்க” என்று கேட்டால் இருநூறு குறையும். தாளைக் காட்டிக் கேட்டால் தாளில் உள்ளது குறையும்.

விலையை ஏற்றாத செலவுகளும் உண்டு. 2,000 வெள்ளி ரிம், சத்தம் போடும் எக்ஸாஸ்ட், இறக்கிய ஸ்பிரிங் எல்லாம் விற்கும்போது பூஜ்யம், சில சமயம் கழிவு. புதிதாக வாங்கும்போது இரண்டு ரகத்துக்கு இடையே இருந்த விலை இடைவெளியும் ஆண்டுகள் போகப் போகக் குறுகிவிடும். ஆகவே பழையதில் உயர்ந்த ரகத்தை வாங்குவது லாபம், புதியதில் வாங்குவது ஆசை.

மலிவு என்று வரும் தொல்லை

“டெபாசிட் வேண்டாம், மாசம் ஐந்நூறு, தொடர்ந்து கட்டிக்கலாம்” என்று வரும் சம்போங் பாயார் (வேறொருவர் கடனைத் தொடர்ந்து கட்டும்) காடி மலிவு அல்ல. கெரானில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) பெயர் வேறொருவருடையது, உரிமை பேங்குடையது. பேங்கின் சம்மதம் இல்லாமல் கைமாற்றுவது சட்டப்படி குற்றம். எல்லாத் தவணையும் நீங்கள் கட்டினாலும் காடி உங்கள் பெயருக்கு வராது. பெயருக்கு உரியவர் பக்கமும் பாருங்கள்: நீங்கள் கட்டத் தவறினால் கடன் பட்டியலில் கெடுவது அவர் பெயர். சொந்தக்காரப் பிள்ளை என்று இரக்கப்பட்டுக் காடியை ஓட்டக் கொடுத்துவிட்டு அலையும் மாமாக்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு.

பணம் கொடுக்கும் வரிசை

நேரடியாக வாங்கும்போது: உரிமையாளரின் அடையாள அட்டையும் கெரானும் ஒத்துப்போகிறதா, எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா பாருங்கள். போலீஸ், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சம்மன் பாக்கியை அவரையே ஃபோனில் திறந்து காட்டச் சொல்லுங்கள், பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் தடைபடலாம். கடன் பாக்கி இருந்தால் பேங்கிலிருந்து அடைப்புத் தொகைக் கடிதம் வாங்கி, அந்தப் பங்கை நேராகப் பேங்குக்கே கட்டுங்கள், விற்கிறவர் கையில் கொடுக்க வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் போன்ற வண்டிச் சோதனை நிலையத்தில் பி5 சோதனை. கடனில் வாங்கினால் பி7-உம் வேண்டும். அடர்ந்த டிண்டட் ஒட்டியிருந்தால் பி5-இல் தோற்கும், அதை உரிக்கும் செலவு யாருடையது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பி5 என்பது எஞ்சின் நன்றாக இருக்கிறது என்ற சான்று அல்ல, வண்டி அதே வண்டிதான் என்ற சான்று. பலர் இதைக் குழப்பிக்கொண்டு ஃபோர்மேனைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

முன்பணமாகச் சிறு தொகை, ரசீதோடு. அதில் பிளேட் நம்பர், சேஸிஸ் நம்பர், முழு விலை, சோதனையில் தோற்றால் பணம் திரும்பும் என்ற வரி நான்கும் இருக்க வேண்டும். மிச்சத்தை ஜேபிஜே முகப்பில் இருவரும் பெருவிரல் வைத்து, கெரானில் உங்கள் பெயர் ஏறிய பிறகு, அங்கேயே பேங்க் வழியாக மாற்றுங்கள். இன்சூரன்ஸை உங்கள் பெயரில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். அது இல்லாமல் ரோட்டேக்ஸ் போட முடியாது, காடியை அன்று வீட்டுக்கு ஓட்டிவரவும் முடியாது.